அல்ற்றிமோ: சொல்லும் ஆட்சியும்

பழைய ஆங்கிலக் கடிதங்களையும் அறிக்கைகளையும் பயிலப் புகும் மாணவர்க்கு இடர் விளைப்பன எப்பொழுதும் அருஞ்சொற்களே அல்ல. அருஞ்சொல்லைக் கண்டவர் அகராதியைத் தேடுவர், பொருள் விளங்கும், ஐயம் நீங்கும். திகதியை ஒட்டி நிற்கும் சில சிறு சொற்களோ நம்மை அவ்வாறு நிறுத்துவதில்லை. அவற்றை அறிந்தோம் என்று எண்ணிக் கடந்து செல்கின்றோம். அவ்வாறு கடந்து சென்றபின் கணக்கில் ஒரு மாதம் தவறிவிடுகின்றது. ஒரோவழி ஓர் ஆண்டே தவறிவிடுகின்றது. அத்தகைய சொற்களுள் ஒன்று அல்ற்றிமோ என்பது. இன்ஸ்ரன்ற், புறொக்சிமோ என்னும் இரண்டும் அதனோடு உடன்பிறந்தவை. இவற்றின் பொருளையும் பிறப்பையும், இவற்றால் நிகழும் மயக்கத்தையும் சுருங்கக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் பழைய சங்கம் ஒன்றின் கடிதக் கட்டுகளை ஒழுங்குபடுத்தும் பணியில் யானும் மாணவர் சிலரும் ஈடுபட்டிருந்தோம். அவற்றுள் ஒரு கடிதத்தின் மேற்பகுதியைக் கறையான் அரித்திருந்தது. இடமும் திகதியும் அதனோடு போயின. எஞ்சிய பகுதியில், 12ஆந் திகதி அல்ற்றிமோ சனிக்கிழமையன்று கூடிய கூட்டத்துக்கு, வழியெல்லாம் வெள்ளம் நின்றமையால், அங்கத்தவர் பலர் வரவில்லை என்ற செய்தி இருந்தது. அதனைப் படித்த மாணவர் அட்டவணையில் “சென்ற மாதம் 12ஆந் திகதிக் கூட்டம்” என்று எழுதினார். சொல்லின் பொருளை அவர் அறிந்திருந்தார், அதில் ஐயமில்லை. “எந்த மாதத்துக்குச் சென்ற மாதம்?” என்று வினாவியபோதுதான் அவர் எழுதுகோலைக் கீழே வைத்தார். பொருள் தெரிந்தும் திகதி தெரியவில்லை. இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்வாம்.

முதற்கண் பொருளைத் தெளிவாக்குவோம். அல்ற்றிமோ என்பது, எழுதப்படும் மாதத்துக்கு முந்திய மாதத்தைக் குறிக்கும். இன்ஸ்ரன்ற் என்பது எழுதப்படும் மாதத்தையே குறிக்கும். புறொக்சிமோ என்பது அதற்கு அடுத்து வரும் மாதத்தைக் குறிக்கும். யூன் மாதம் 20ஆந் திகதி எழுதப்பட்ட ஒரு கடிதத்தில் 5ஆந் திகதி இன்ஸ்ரன்ற் என்று வரின் அது யூன் 5. 5ஆந் திகதி அல்ற்றிமோ என்று வரின் அது மே 5. 5ஆந் திகதி புறொக்சிமோ என்று வரின் அது யூலை 5. எண் முன்னே வரும். சொல் பின்னே வரும். மாதத்தின் பெயர் வாராது. எழுதுங்கால் இவை பெரும்பாலும் அல்ற்., இன்ஸ்ற்., புறொக்ஸ். எனக் குறுகி, ஈற்றில் ஒரு புள்ளி பெற்று நிற்கும். இச்சொற்கள் வாணிபக் கடிதங்களிலும், அரசாங்கக் கடிதங்களிலும், பத்திரிகைச் செய்திகளிலும் பெருக வழங்கின. உற்றார் உறவினர் ஒருவர்க்கொருவர் எழுதும் கடிதங்களிலும் இவை புகுந்ததுண்டு.

இனி இவற்றின் பிறப்பைக் காண்போம். அல்ற்றிமோ, புறொக்சிமோ என்னும் இரண்டும் இலத்தீன் மொழிச் சொற்கள். இலத்தீனிலே ஒரு செயல் நிகழ்ந்த காலத்தைக் கூறும்பொழுது காலப்பெயர் ஒரு தனி வேற்றுமை வடிவம் ஏற்கும். நம் மொழியில் ‘மாதத்தில்’, ‘மாதத்தின்கண்’ என ஏழாம் வேற்றுமை காலப்பொருளில் வருவதை இதனோடு ஒப்பிட்டு உணரலாம். அல்ற்றிமோ மென்சே என்பது ‘இறுதியாகக் கழிந்த மாதத்தில்’ எனவும், புறொக்சிமோ மென்சே என்பது ‘அண்மையிலுள்ள மாதத்தில்’ எனவும் பொருள்படும். நாளடைவில் மாதம் என்று பொருள்தரும் மென்சே தொக்குவிட, அதற்கு அடையாய் நின்ற சொல் தனித்து நின்று முழுப்பொருளையும் தரலாயிற்று. சொல் ஆங்கிலத்துக்குள் வந்தும் அதன் இலத்தீன் வேற்றுமையுருபு கழலவில்லை. ஈற்றில் நிற்கும் ஓகாரம் அதற்குச் சான்று.

இன்ஸ்ரன்ற் என்பதும் இலத்தீன் வேரினதே. ஆயின் அது பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ஆங்கில உருவே பெற்றுவிட்டது. அதன் வேர்ப்பொருள் ‘மேல் நிற்றல்’, ‘அருகே வந்து நிற்றல்’ என்பதாம். நம் கண்முன்னே நிற்கின்ற காலம் எதுவோ அது இன்ஸ்ரன்ற். இலத்தீன் இலக்கணிகள் நிகழ்காலத்தைக் குறிக்க இவ்வேரிற் பிறந்த சொல்லையே வழங்கினர். எனவே, இம்மூன்று சொற்களையும் மாதத்துக்கு உரிய இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்னும் முக்காலமாகக் கொள்ளின் தமிழ் மாணவர்க்கு இவை எளிதில் மனத்திற் பதியும். இக்காலத்து மாணவர் இன்ஸ்ரன்ற் என்றவுடன் ‘உடனடி’ என்றே பொருள் கொள்வர். வெந்நீர் ஊற்றியவுடன் பருகத்தக்க கோப்பித் தூளே அவர் நினைவுக்கு வரும். அதுவும் ‘கண்முன் நிற்றல்’ என்னும் வேரிலிருந்து கிளைத்த பொருளே. எனினும் திகதியோடு வருமிடத்து அதற்கு விரைவுப் பொருள் சிறிதும் இல்லை என்பதை மறத்தலாகாது.

புறொக்சிமோ என்பதன்கண் ஒரு நுட்பம் உண்டு. அதன் நேர்ப்பொருள் ‘மிக அண்மையில் உள்ளது’ என்பது மாத்திரமே. அண்மை என்பது முன்னும் இருக்கலாம், பின்னும் இருக்கலாம். இலத்தீனிலே இச்சொல் நேற்றைய இரவுக்கும் வரும். நாளைய இரவுக்கும் வரும். இடம் நோக்கியே பொருள் கொள்ளவேண்டும். ஸ்பானிய மொழியிலோ, கழிந்த மாதத்தைக் குறிக்குமிடத்து ‘அண்மையிற் கழிந்த’ எனப் பொருள்படப் புறொக்சிமோ பசாதோ என்று கூறும் மரபு உண்டு. ஒரே சொல் ஆங்கிலத்தில் வரும் மாதத்தையும், ஸ்பானியத்தில் துணைச்சொல் ஒன்றோடு சேர்ந்து சென்ற மாதத்தையும் குறிக்கின்றது. ஆகவே, வேர்ப்பொருளை மாத்திரம் பற்றிக்கொண்டு வழக்கைத் துணிதல் கூடாது என்பது இதனாற் பெறப்படும். சொல்லின் பிறப்பு ஒன்று. அது வாழும் ஊரின் வழக்கு வேறொன்று.

அல்ற்றிமோ என்னும் சொல்லுக்கும் ஒரு பழைய ஆட்சி இருந்தது. 16ஆம் 17ஆம் நூற்றாண்டுகளுக்குரிய ஆவணங்களில் அல்ற்றிமோ என்ற சொல்லின் பின்னே மாதத்தின் பெயர் இலத்தீன் உருவில் வருவதைக் காணலாம். அல்ற்றிமோ மாயீ என்று வரின் அது மே மாதத்துக்கு முந்திய மாதம் அன்று. மே மாதத்தின் இறுதி நாளாகிய 31ஆந் திகதி. அவ்வாறே பிறீமோ மாயீ என்பது மே மாதத்தின் முதல் நாள். ஆண்டு தொக்கதா, மாதம் தொக்கதா, நாள் தொக்கதா என்பதைச் சூழல் கொண்டே அறிதல்வேண்டும். எண்ணின்றி வந்து மாதப்பெயரைத் தொடர்ந்து பெற்றால் அல்ற்றிமோ என்பது கடைநாள். எண்ணை முன்னே பெற்று மாதப்பெயரின்றி வந்தால் அது சென்ற மாதம். இவ்விதியை நினைவிற் கொண்டால் பழைய ஆவணங்களிற் பெரும்பாலும் தவறு நேராது.

இவ்வாறு சொற்களை வழங்கியவர் ஆங்கிலேயர் மாத்திரமல்லர். ஸ்கொத்லாந்தில் இன்ஸ்ரன்ற் என்பதற்கு ஈடாக, ‘நடப்பு’ எனப் பொருள்படும் கறன்ற் என்பதைக் குறுக்கி எழுதும் வழக்கம் இருந்தது. பிரெஞ்சுக்காரரும் போர்த்துக்கேயரும் தத்தம் மொழியில் ‘ஓடிக்கொண்டிருக்கும் மாதம்’ என்று கூறுவர். 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தரின் மொழியில் இம்மாதத்தைக் குறிக்க ‘இதனுடைய’ என்று பொருள்படும் சொல்லும், அண்மையில் கழிந்த நாளைக் குறிக்க ‘இளமையாய்க் கழிந்த’ என்று பொருள்படும் சொல்லும் உண்டு. காலங்களுள் இறுதியாகக் கழிந்ததை இளையது என்று கருதிய அக்கற்பனை இனிமையுடையது. மொழிகள் பலவாயினும், கடிதம் எழுதுவோர் மனம் ஒரே வழியிற் சென்றது என்பது இதனால் விளங்கும்.

ஏன் அவ்வாறு சென்றது? மாதத்தின் பெயரை எழுதுவதில் என்ன இடர்? இதற்குக் காரணங்கள் சில கூறலாம். தட்டெழுத்துப் பொறி வழக்குக்கு வருமுன், வாணிப நிலையங்களில் எழுதுவினைஞர் நாள்தோறும் பல கடிதங்களைக் கையால் எழுதினர். எழுதியவற்றைக் கடிதப் புத்தகங்களிற் படியும் எடுத்தனர். செப்தெம்பர் என்று பத்து முறை எழுதுவதிலும் மூன்றெழுத்தும் ஒரு புள்ளியும் இடுதல் எளிது. இது முதற் காரணம். சட்டமும் சமயமும் கல்வியும் இலத்தீனில் வளர்ந்த நாட்டில் அம்மொழிச் சொல் ஒன்று கடிதத்துக்குப் பெருமை தந்தது. இது மற்றொரு காரணம். மூன்றாவது, வாணிபக் கடிதங்கள் பேசும் செய்திகளிற் பெரும்பாலன இந்த மாதத்துக்கோ சென்ற மாதத்துக்கோ அடுத்த மாதத்துக்கோ உரியனவாய் இருந்தன. மூன்று மாதத்துக்கு மூன்று சொல் போதியனவாயின. இவ்வெல்லைக்கு அப்பாற்பட்ட நாளைக் கூறவேண்டுமாயின் மாதப்பெயரைச் சொல்லியே தீரவேண்டும். அதற்குச் சொல் இல்லை. சுயெஸ் கால்வாய் 1869இல் திறக்கப்படுமுன், பாய்க்கப்பலில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த கடிதம் இலங்கையை அடையப் பல மாதங்கள் சென்றன. அத்தகைய கடிதத்துக்கு மறுமொழி எழுதுபவர் அக்கடிதத்தின் திகதியை அல்ற்றிமோ என்று கூற இயலாது. ஆகவே இச்சொற்கள் அடுத்தடுத்த ஊர்களுக்கிடையே விரைந்து செல்லும் கடிதத்துக்கே பெரிதும் ஏற்றவை.

இனி இக்கட்டுரையின் நடுநாயகமான கருத்துக்கு வருவோம். மே என்பது ஒரு பெயர். அச்சொல்லை எவர் கூறினும், எங்கிருந்து கூறினும், எப்பொழுது கூறினும் அது மே மாதத்தையே குறிக்கும். அல்ற்றிமோ என்பது அத்தகைய பெயரன்று. அஃது ஒரு சுட்டு. அவன், இவன் என்னும் சுட்டுப்பெயர்களை ஓர்க. இவன் என்றவுடன் யாரைக் கூறினார் என்று நாம் அறிவது, கூறியவர் எங்கே நின்று யாரைச் சுட்டினார் என்பதைக் கண்டமையாலேயே. சுட்டியவரை நீக்கிவிட்டால் சொல் இருக்கும், பொருளும் இருக்கும், சுட்டப்பட்டவன் இரான். அல்ற்றிமோ என்பதும் அவ்வாறே. கடிதத்தின் தலைப்பிலே எழுதப்பட்ட திகதி அதற்கு நிற்கும் இடம். அவ்விடத்தில் நின்றுகொண்டுதான் அது முந்திய மாதத்தை நோக்கி விரல் நீட்டுகின்றது. தலைப்பு அழிந்தவிடத்து நீட்டிய விரல் ஒன்றே எஞ்சும். அது நோக்கிய திசை எஞ்சும். நோக்கிய பொருள் மறையும். கறையான் அரித்த கடிதத்துக்கு நேர்ந்தது இதுவே.

தலைப்பு அழியாதவிடத்தும் மயக்கம் நேரலாம். ஒருவர் எழுதியதை மற்றொருவர் எடுத்து வெளியிடும்போது, இரண்டு தலைப்புகள் எதிர்ப்படும். இதற்கு ஆங்கில வரலாற்றிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். 1805ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 21ஆந் திகதி திரபால்கர் முனைக்கு அணித்தாய்ப் பெருங் கடற்போர் நிகழ்ந்தது. ஆங்கிலக் கடற்படைத் தலைவர் நெல்சன் அதில் உயிர் துறந்தார். அவருக்குப் பின் தலைமை ஏற்ற கொலிங்வூட் மறுநாள் 22ஆந் திகதி, யூரியாலஸ் என்னும் கப்பலிலிருந்து போர்ச்செய்தியை எழுதினார். பகைவர் கலங்கள் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட செய்தி கிடைத்த நாளை 19ஆந் திகதி இன்ஸ்ரன்ற் என்றும், போர் நிகழ்ந்த நாளைத் திங்கட்கிழமை 21ஆந் திகதி இன்ஸ்ரன்ற் என்றும் அதிற் குறித்தார். அக்கடிதத்தைப் பிக்கிள் என்னும் சிறுகப்பல் கொணர்ந்தது. அதன் தலைவர் லப்பெனொற்றியர் நவம்பர் 4ஆந் திகதி பல்மத் துறையில் இறங்கி, வண்டி மாற்றி வண்டி ஏறி, 6ஆந் திகதி விடியுமுன் இலண்டனிலுள்ள கடற்படைத் தலைமைப் பணிமனையை அடைந்தார். அன்றே அரசாங்க வர்த்தமானியின் சிறப்பிதழில் அக்கடிதம் அச்சாயிற்று.

இப்பொழுது அவ்விதழைக் கையிலெடுக்கும் ஒரு மாணவரை எண்ணிப் பாருங்கள். இதழின் முகப்பில் இருப்பது நவம்பர் 6. உள்ளே இருப்பது 21ஆந் திகதி இன்ஸ்ரன்ற். முகப்புத் திகதியை அடிப்படையாகக் கொண்டால், இன்னும் பதினைந்து நாள் கழித்தே போர் நிகழவேண்டும்! கொலிங்வூட்டின் கடிதத் தலைப்பைக் கொண்டால்தான் ஒக்டோபர் என்னும் உண்மை வெளிப்படும். இனி, அதே வாரத்தில் இலண்டன் நகரத்து வணிகர் ஒருவர் தம் நண்பருக்கு அப்போரைப் பற்றித் தாமே எழுதுவாராயின், அவர் 21ஆந் திகதி அல்ற்றிமோ என்றே எழுதவேண்டும். போர் ஒன்று, நாள் ஒன்று, எழுதியவர் நின்ற மாதம் வேறு வேறாதலின் சொல்லும் வேறுபட்டது. புகழ்பெற்ற போராதலால் இவ்விடத்து எவரும் ஏமாறார். பெயர் அறியப்படாத ஊரில் நிகழ்ந்த திருமணத்தையோ, இறப்பையோ, கப்பற் சேதத்தையோ ஒரு பத்திரிகை வேறொரு பத்திரிகையிலிருந்து சொல் மாற்றாது எடுத்து வெளியிட்டிருப்பின், அங்கே உண்மையைக் காட்டுவதற்கு யார் உளர்?

அத்தகையவிடத்துக் கிழமை துணைசெய்யும். கொலிங்வூட் திங்கட்கிழமை என்று கூறியமையை நோக்குக. 1805ஆம் ஆண்டில் நவம்பர் 21 வியாழக்கிழமை. ஆகவே நவம்பர் என்று கொள்வது பொருந்தாது. அவ்வாண்டில் 21ஆந் திகதி திங்கட்கிழமையாய் வருவது ஜனவரியிலும் ஒக்டோபரிலும் மாத்திரமே. தலைப்பு முழுவதும் அழிந்திருப்பினும், ஆண்டு மாத்திரம் தெரிந்திருப்பின், பன்னிரண்டு மாதங்களுள் இரண்டே எஞ்சும். இதற்குப் பொதுவிதி ஒன்று உண்டு. ஒன்று முதல் இருபத்தெட்டு வரையுள்ள எந்தத் திகதியை எடுத்தாலும், அது குறித்த ஒரு கிழமையில் ஓர் ஆண்டினுள் குறைந்தது ஒரு முறையும், கூடினால் மூன்று முறையும் வரும். அதற்கு மேல் வாராது. ஆதலின் கிழமையும் திகதியும் ஒருங்கு கிடைப்பது ஆராய்ச்சியாளர்க்குப் பெரும் பேறு.

மாதம் மாறுவது போலவே ஆண்டும் மாறலாம். 1861 ஜனவரி 4ஆந் திகதி எழுதிய கடிதத்தில் 20ஆந் திகதி அல்ற்றிமோ என்று வரின் அது 1860 டிசெம்பர் 20. இதனை 1861 என்று பதிவோர் உளர். இங்கிலாந்தின் பழைய ஆண்டுக் கணக்கு வருமிடத்து மேலும் விழிப்பு வேண்டும். 1751 வரை அந்நாட்டின் சட்டமுறை ஆண்டு மார்ச் 25ஆந் திகதியே தொடங்கியது. 1752 முதலே ஜனவரி 1 ஆண்டுத் தொடக்கமாயிற்று. ஆகவே 1720 ஏப்ரில் 10ஆந் திகதி அங்கு எழுதப்பட்ட ஒரு கடிதத்தில் 28ஆந் திகதி அல்ற்றிமோ என்றிருப்பின் அது 1720 மார்ச் 28; 20ஆந் திகதி அல்ற்றிமோ என்றிருப்பின் அப்பழைய கணக்கின்படி அது 1719 மார்ச் 20. ஒரே கடிதத்தில், ஒரே சொல், ஒரே மாதத்தைச் சுட்டியும் இரண்டு ஆண்டுகளுள் விழுகின்றது.

இவை வரலாற்று மாணவர்க்குரிய இடர்கள். வாணிபம் செய்தோர்க்கு உரிய இடர் வேறு. மார்ச் 31ஆந் திகதி ஒருவர், “தங்களுக்குரிய தொகையை 15ஆந் திகதி புறொக்சிமோ செலுத்துவோம்” என எழுதுகின்றார். அவர் கருதியது ஏப்ரில் 15. கடிதம் ஏப்ரில் 2ஆந் திகதி கைக்குக் கிடைக்கின்றது. பெற்றவர் தாம் படித்த மாதத்தினின்று எண்ணினால் அது மே 15 ஆகிவிடும். விதியின்படி, எண்ண வேண்டியது எழுதிய நாளினின்றே, படித்த நாளினின்றன்று. ஆயினும் அவசரத்திற் படிப்பவர் விதியை நினைப்பதில்லை. பணம் ஒரு மாதம் தாமதிக்கும் என்று வருந்துபவரும், ஒரு மாதம் தவணை உண்டு என்று வாளாவிருப்பவரும் இதனால் உளராவர். மாதக் கடைசியில் எழுதி மாத முதலிற் பெறும் கடிதத்துக்கு இச்சொற்கள் ஏற்றவை அல்ல.

தமிழிலும் இத்தகைய சொற்கள் உண்டு. பழைய கடிதங்களிலும் உறுதிகளிலும் ‘நாளது மாதம்’ என்று வருவது இன்ஸ்ரன்ற் என்பதற்கு மிகப் பொருத்தமான தமிழ். நாளைக் குறிக்க ௳ என்றும், மாதத்தைக் குறிக்க ௴ என்றும், ஆண்டைக் குறிக்க ௵ என்றும், மேற்படி என்பதற்கு ௸ என்றும் நம் முன்னோர் குறிகள் இட்டு எழுதினர். கைவருத்தம் குறைக்கும் நோக்கம் இங்கும் உண்டு. ஆனால் ௴ என்பது மாதம் என்னும் சொல்லைக் குறுக்குமேயன்றி மாதத்தின் பெயரை மறைப்பதில்லை. பெயரை எழுதி, அதன் பின் குறியை இடுவர். இவ்வேறுபாடு கருதத்தக்கது.

இந்நாளில் நம் பத்திரிகைகள் ‘கடந்த 5ஆந் திகதி’ என்றும், ‘எதிர்வரும் 25ஆந் திகதி’ என்றும் எழுதுகின்றன. அல்ற்றிமோ என்பதைக் கடந்த என்றும், புறொக்சிமோ என்பதை எதிர்வரும் என்றும் மொழிபெயர்த்துவிட மாணவர் விரைவர். அங்கேதான் பெரும்பிழை நிகழ்கின்றது. யூன் 20ஆந் திகதிக் கடிதத்தில் 5ஆந் திகதி அல்ற்றிமோ என்பது மே 5. அதே நாளில் தமிழிற் ‘கடந்த 5ஆந் திகதி’ என்று எழுதினால் படிப்பவர் கொள்வது யூன் 5. யூன் 10ஆந் திகதிக் கடிதத்தில் 25ஆந் திகதி புறொக்சிமோ என்பது யூலை 25. ‘எதிர்வரும் 25ஆந் திகதி’ என்பதோ யூன் 25. ஏனெனில், கடந்த, எதிர்வரும் என்னும் நம் சொற்கள் இன்றைய நாளிலிருந்து எண்ணி, மிக அண்மையில் உள்ள அத்திகதியைச் சுட்டுகின்றன. மாத எல்லையை அவை பார்ப்பதில்லை. ஆங்கிலச் சொற்களோ மாதத்திலிருந்து மாதத்தை எண்ணுகின்றன. நாளின் அண்மையை அவை பார்ப்பதில்லை. எண்ணும் முறை வேறாதலின், சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் ஒரு மாதப் பிழையைத் தரும். மாதத்தின் பெயரைக் கண்டறிந்து, அப்பெயரையே எழுதுவதுதான் செம்மையான மொழிபெயர்ப்பு.

இவற்றோடு ஒருங்கு எண்ணத்தக்க இன்னொரு தொடர் ‘ஈவின் டேற்’ என்பது. இதிலுள்ள ஈவின் என்பதற்கு மாலை என்றோ, இரட்டைப்படை என்றோ பொருள் கொள்ளலாகாது. ‘ஒத்த’ என்பதே அதன் பொருள். ‘ஈவின் டேற் கொண்ட தங்கள் கடிதம்’ என்றால், இக்கடிதம் எழுதிய அதே நாளில் எழுதப்பட்ட தங்கள் கடிதம் என்பதாம். இதுவும் தனக்கென ஒரு திகதி இல்லாது, தலைப்பிலுள்ள திகதியைச் சார்ந்து வாழும் தொடரே.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே இத்தகைய வாணிப ஆங்கிலம் பெரும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. பிரித்தானியத் திறைசேரியின் வேண்டுகோட்படி சேர் ஏர்னஸ்ற் கவர்ஸ் அரசாங்க உத்தியோகத்தர்க்காக எழுதி 1948இல் வெளிவந்த ‘எளிய சொற்கள்’ என்று பொருள்படும் நூல், எழுதுவோர் படிப்போரை மனத்திற் கொண்டு நேரிய சொற்களால் எழுதவேண்டும் என்னும் கொள்கையைப் பரப்பிற்று. மாதத்துக்கு அதன் பெயரே போதும் என்ற கருத்து அக்கொள்கையோடு இயல்பாகவே பொருந்துவது. இன்று அல்ற்றிமோ ஏறக்குறைய வழக்கொழிந்த சொல். புறொக்சிமோ மாத்திரம், விலைப்பட்டியல் எழுதிய மாதத்துக்கு அடுத்த மாதத்தில் இன்ன நாளிற் பணம் செலுத்துக என்னும் பொருளில், அமெரிக்க வாணிபத்தின் குறுந்தொடர்களில் உயிர்வாழ்கின்றது.

வழக்கொழிந்த சொல்லை நாம் ஏன் கற்கவேண்டும் என்று ஒருவர் வினாவலாம். நம் நாட்டு வரலாற்றின் பெரும்பகுதி இன்னும் ஆங்கிலக் கடிதங்களிலும் பழைய பத்திரிகைகளிலும் உறங்குகின்றது என்பது அதற்கு ஒரு விடை. மற்றொரு விடை நம் கைகளிலேயே உண்டு. “நாளை வகுப்புகள் நடைபெறா” என்று ஒரு செய்தி கைப்பேசி வழியே ஒருவர்க்கு வருகின்றது. அவர் அதனை மற்றொருவர்க்கு அனுப்புகின்றார்; அவர் பிறர்க்கு அனுப்புகின்றார். மறுநாட் காலையில் அச்செய்தியைக் காணும் மாணவர்க்கு நாளை என்பது எந்த நாள்? எழுதியவர் நின்ற நாள் செய்தியோடு உடன் செல்லவில்லை. அல்ற்றிமோ இறந்தது, அதன் குறைபாடு இறக்கவில்லை.

கறையான் அரித்த கடிதத்தின் கதையை முடிக்காது விடுதல் முறையன்று. கையொப்பமிட்டவர் அச்சங்கத்தின் செயலாளராக இருந்தது 1898, 1899 ஆகிய இரண்டு ஆண்டுகளிலேயே என்பதை மற்றைக் கடிதங்கள் காட்டின. 12ஆந் திகதி சனிக்கிழமையாய் வந்த மாதங்களை எண்ணினோம். 1898இல் பெப்ரவரி, மார்ச், நவம்பர் என்னும் மூன்று. 1899இல் ஓகஸ்ற் ஒன்று. இந்நான்கினுள் வழியெல்லாம் வெள்ளம் நிற்பது எம்மாதத்தில் என்பதை யாழ்ப்பாணத்தார்க்கு எவரும் சொல்லவேண்டியதில்லை. மாரி பொழியும் நவம்பரே அது. அல்ற்றிமோ என்றமையால் கடிதம் எழுதப்பட்டது 1898 டிசெம்பர். அம்மாணவர் தாம் எழுதிய அட்டவணையை அடித்துவிட்டு, “1898 நவம்பர் 12, சனிக்கிழமை” என்று திருத்தி எழுதினார்.

அவ்வொரு வரி திருந்துவதற்கு எமக்கு ஒரு பிற்பகல் முழுவதும் சென்றது. கடிதம் எழுதியவர் மாதத்தின் பெயரை எழுதியிருப்பின் அவருக்கு ஒரு கணமே சென்றிருக்கும். ஆகவே, பழையதைப் படிக்கும்போது எழுதியவர் நின்ற நாளைத் தேடுக; புதியதை எழுதும்போது நாளையும் மாதத்தையும் ஆண்டையும் பெயரிட்டு எழுதுக. நாம் எழுதும் குறிப்புகளையும் ஒரு நாள் நாம் அறியாதார் ஒருவர் எடுத்துப் படிப்பர். அவர்க்கு ஒரு பிற்பகலை மிச்சமாக்கிக் கொடுப்பது நம் கடனாகும்.